ரிஜெக்ட் அண்ணாத்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகை

பட்டப்பகலில் என் வீட்டுக்குள் நுழைந்து, என் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, எறிந்த களைப்புக்கு என்னிடமே இஞ்சி டீ கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போன மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். நான் போலீசுக்குப் போயிருக்க வேண்டும். போயிருந்தாலும் பிரயோசனம் இருந்திருக்காது. ஸ்டேஷன் ரைட்டர் வீட்டுக் கம்ப்யூட்டரையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்கு அவர் ரிஜெக்ட் அண்ணாத்த. செங்கல்பட்டில் ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம், எலக்ட்ரிக் ட்ரெயின் போகும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கும் தெரு எங்களுடையது. என் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவருடையது. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வரிசையாக வரும் பாகங்களை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தேறாததில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகத் தள்ளுவதுதான் வேலை.

வருஷக்கணக்கில் இதையே செய்த கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? காய்கறி வண்டியில் கத்திரிக்காயைப் புரட்டிவிட்டு "ரிஜெக்ட்டு" என்பார். புதிதாக நட்ட மின்கம்பத்தைப் பார்த்து "சாஞ்சிகினு கீது, ரிஜெக்ட்டு" என்பார். என் கணவரை முதன்முதலில் சந்தித்த அன்று மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அதை என் கணவர் இன்றுவரை ஒரு பாராட்டாகவே சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இப்படிப்பட்டவருக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது எங்கள் தெருவின் கெட்ட காலம். அவர் மகள் தேவி காலேஜில் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டிய காலையில், அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 'அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறேன், அணைத்துவிடாதே' என்று எழுதிக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. தேவி அழுதாள். அவர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மதியம் வரை அதை முறைத்துக்கொண்டே இருந்தாராம்.

"என் வூட்ல கீற மெஷினு. என் கரண்டுல ஓடுது. எப்ப வேல செய்யணும்னு அது இன்னா எனுக்கு சொல்றது?" என்று அன்று கேட்ட கேள்வியை அவர் அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. தேடினார், படித்தார், யார் யாரையோ கேட்டார். லினக்ஸ் என்று கம்ப்யூட்டரை ஓட்டும் புரோகிராம் ஒன்று இருக்கிறதாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது, உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்தும் பார்க்கலாம். காசு கிடையாது என்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. திறந்து பார்க்கலாம் என்றதும்தான் மனிதர் விழுந்துவிட்டார்.

"பிரிச்சிப் பாக்க உடாத பொருள நான் எப்டி பாஸ் பண்றது டீச்சரம்மா?" என்பார் என்னிடம். நான் கணக்கு டீச்சர். நான் எதையும் பாஸ் பண்ணச் சொல்லவில்லை.

என் வீட்டுக் கம்ப்யூட்டரை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வாங்கினோம். "எல்லாமே போட்டுக் குடுத்திருக்கேன் மேடம்" என்று கடைப் பையன் பெருமையாகச் சொன்னான். உண்மைதான். வீடு கட்ட வரைபடம் போடும் புரோகிராம் இருந்தது, சினிமாவுக்கு இசை சேர்க்கும் புரோகிராம் இருந்தது, மூன்று விதமான வைரஸ் ஒழிப்பான்கள் இருந்தன, அவை ஒன்றையொன்று வைரஸ் என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தன. எல்லாமே திருட்டுக் காப்பி என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருப்பேனா என்று கேட்காதீர்கள். ஊரே அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூழ் கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டார். ஒரு ஸ்டூலை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்.

"நீங்க உங்க வேலயப் பாருங்கோ. நான் சும்மா குந்திகினு கீறேன்."

அவர் சும்மா குந்திக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது. அதுதான் அவருடைய தொழில் முறை. யாருக்கு என்ன சாஃப்ட்வேர் வேண்டும் என்று அவர் வாயால் கேட்கமாட்டார். பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து தீர்ப்புச் சொன்னார்.

"மொத்தம் மூணு வேலதான் பண்றீங்கோ. கொஸ்டின் பேப்பர் அடிக்கிறீங்கோ. யூடியூப்ல மீன் கொழம்பு பாக்கறீங்கோ. அமெரிக்காவுல கீற தங்கச்சிகூட சண்ட போடறீங்கோ. இதுக்கு எதுக்கு இம்மாம் புரோகிராமு?"

"சண்டை ஒண்ணும் போடல. பேசிட்டிருந்தேன்."

"பேசறதுக்கு அவ்ளோ சத்தம் வேணாம் டீச்சரம்மா."

நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மொத்தத்தையும் துடைத்துவிட்டு லினக்ஸை ஏற்ற ஆரம்பித்துவிட்டார். வரைபடம் போனது, இசை போனது, வைரஸ் ஒழிப்பான்கள் மூன்றும் ஒற்றுமையாகப் போயின. பின்னணியில் வைத்திருந்த பெருமாள் படமும் போய்விட்டது. நான் போட்ட கூச்சலில் பெருமாளை மட்டும் திரும்பக் கொண்டுவந்தார். பெருமாளுக்குக் கீழே மூன்றே மூன்று படங்கள். 'எழுத', 'பார்க்க', 'பேச' என்று தமிழில் பெயர். எழுத என்றால் லிப்ரே ஆபீஸ். பார்க்க என்றால் ஆரஞ்சு நிறக் கூம்புப் படம் போட்ட வீடியோ புரோகிராம் ஒன்றும் பிரவுசரும் சேர்ந்த ஏற்பாடு. பேச என்றால் தங்கச்சி. கடைக்காரன் கொடுத்த சிடிக்கள் மேல் ஆளுக்கொரு சிவப்பு ஸ்டிக்கர்.

"யாரைக் கேட்டு இதைப் பண்ணீங்க?" என்றேன்.

"நீங்கதான ஒரு மணி நேரமா சொல்லிகினு இருந்தீங்கோ. வாயால சொல்லல, கையால சொன்னீங்கோ."

அடுத்த வாரம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கலர் நோட்டீஸ் செய்ய நாலாவதாக ஒரு புரோகிராம் கேட்டேன். கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார். வருஷத்துக்கு ஒரு தபா வர்ற வேலைக்குத் தினம் ஒரு சாமானா, எழுதறதுலயே கலர் போட்டுக்கலாம் என்றார். நடுத்தெருவில் வாய்ச்சண்டை. கடைசியில் எழுதுவதிலேயே கலர் போட்டேன். நன்றாகத்தான் வந்தது. அதனால் கோபம் அதிகமானது.

நான் மட்டும்தான் மாட்டினேன் என்று நினைக்க வேண்டாம். தெருக்கோடியில் ரிடையர்டு தாசில்தார் ஒருவர் இருந்தார். அவர் ரிஜெக்ட் அண்ணாத்தயை மரியாதையாக அழைத்து, கடிதப் போக்குவரத்து, குடும்ப வரவு செலவு, ஆன்மிக ஆராய்ச்சி ஆகிய மூன்று பணிகளுக்கும் தகுந்த மென்பொருள் தேவை என்று மனு கொடுப்பவர் பாணியில் சொன்னார். இவர் வழக்கம்போல ஸ்டூலைப் போட்டுப் பின்னால் உட்கார்ந்தார். மறுநாள் தாசில்தார் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. அதன் பெயர் 'சீட்டு'.

"அதத் தவுர அவுரு வேற ஒண்ணுமே தொடல" என்றார் இவர், தாசில்தாரின் மனைவி முன்னாலேயே.

அந்தம்மா இத்தனை நாளும் உள்ளே ஆன்மிக ஆராய்ச்சி நடக்கிறதென்று நம்பி, வடை சுட்டு, சத்தம் போடாமல் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தவர். தாசில்தார் அதற்குப் பிறகு ரிஜெக்ட் அண்ணாத்தயோடு பேசவில்லை. ஆனால் மற்ற இரண்டையும் போட்டுத் தரும்படியும் கேட்கவில்லை.

ஓசியில் கிடைப்பதெல்லாம் அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்தாலும் தப்பு. எஞ்சினியரிங் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன், லினக்ஸிலேயே ரொம்ப உயர்ந்த ரகம் ஒன்று இருப்பதாகவும் அதை எனக்குப் போடலாம் என்றும் சொன்னான். "கறுப்பு ஸ்க்ரீன்ல கமாண்டு அடிச்சி ஓட்டறதுக்கு டீச்சரம்மா இன்னா ராக்கெட்டா உடறாங்கோ? நாளிக்கு நான் பூட்டா யாரு வந்து பாக்கறது? நான் இல்லாமயே ஓடணும், அதாண்டா நல்ல சாமானு" என்று அவனையும் ரிஜெக்ட் செய்து அனுப்பினார்.

அவருக்குச் சிநேகிதர் என்று ஒருவர் உண்டென்றால் மார்க்கெட் பக்கம் சின்ன அச்சகம் வைத்திருந்த பிரஸ் பாய். கோவளத்துக்காரர், நிதானமான மனிதர். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் ரிஜெக்ட் அண்ணாத்த நேராகப் பாய் கடைக்குத்தான் போவார். டீ வரும். டீயோடு சண்டையும் வரும். பாய் பத்திரிகை டிசைன் செய்யும் விலை உயர்ந்த சாஃப்ட்வேர் திருட்டுக் காப்பி என்பதுதான் சண்டை.

"மச்சான், ஊர்ல கீற அத்தன பிரஸ்ஸும் இதத்தான் வச்சிகினு கீது. டிசைன் அனுப்பறவன் அதுல அனுப்பறான். நான் மட்டும் இன்னா பண்ண?" என்பார் பாய்.

"திருட்டு திருட்டுதான் பாய்."

இதில் மட்டும் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. தெருவெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் கம்பெனியிலிருந்து எடுத்து வந்தது என்றுதான் நான் நினைத்தேன். கேட்டதற்குக் கோபம் வந்துவிட்டது. ஸ்டேஷனரி கடையில் சொந்தக் காசு கொடுத்து வாங்கினாராம். அடுத்தவர்களை அவமானப்படுத்தச் சொந்தக் காசு செலவழிக்கும் மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த நிலையில் தேவிக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை படூர்ப் பக்கம் ஒரு காலேஜில் லெக்சரர், தங்கமான பிள்ளை. மாப்பிள்ளையின் அப்பா மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் வழியில் லாட்ஜ் வைத்திருப்பவர். நிச்சயதார்த்தம் அந்த லாட்ஜின் மாடி ஹாலில். தெருவே வேன் பிடித்துப் போனோம். தேவி என்னிடம் படித்தவள், சாதுவான பெண். அவளும் அந்தப் பையனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதத்தைப் பார்த்து எனக்கே மனசு குளிர்ந்தது.

தாம்பூலம் மாற்றுகிற நேரம் வந்தது. தட்டுகள் தயார். புரோகிதர் தயார். பெண்ணின் அப்பாவைக் காணோம்.

ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். கடலுக்குப் போயிருப்பார் என்றார் ஒருவர். கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பெண்மணி ஒருத்தி. எனக்கு மட்டும் வேறொரு சந்தேகம். வரும்போது கீழே ரிசப்ஷனில் ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்திருந்தேன். அதன் திரையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று ஏதோ ஒன்று பளிச் பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தது.

மாடிப்படியில் இறங்கி ஓடினேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரிசப்ஷன் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். லாட்ஜ் கிளார்க் அழாத குறையாகப் பக்கத்தில் நின்றார். அறையைக் காலி செய்ய வந்தவர்கள் கையில் சாவியோடு வரிசையில் நின்றார்கள். பில் போடும் புரோகிராமைக் காணவில்லை. அது ஒரு திருட்டுப் புரோகிராம், அதன் வழியாகத்தான் வைரஸ் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்து ரிஜெக்ட் அண்ணாத்த அதை ஒழித்துவிட்டு, பதிலுக்கு வேறொன்றை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, தாம்பூலம்! எழுந்து வாங்க!"

"இப்ப எழுந்தா பாதில நின்னுபூடும் டீச்சரம்மா. இன்னும் கொஞ்சம்தான் கீது."

அவர் எழுந்திருக்கவே இல்லை. ராகு காலமும் காத்திருப்பதாக இல்லை. கடைசியில் தேங்காய், பழம், வெற்றிலைத் தட்டுகளோடு இரண்டு குடும்பமும் மாடியிலிருந்து இறங்கி வந்து, சாவியோடு நின்ற சுற்றுலாப் பயணிகள் சாட்சியாக, ரிசப்ஷன் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று தாம்பூலம் மாற்றிக்கொண்டன. மாலையும் கழுத்துமாக நின்ற பிள்ளை சிரித்துவிட்டான். அவன் அப்பா சிரிக்கவில்லை.

"இன்னாங்க சம்மந்தி, எங்க வூட்டுக் கம்ப்யூட்டரையே ரிஜெக்ட் பண்ணிட்டீங்க?"

"கம்ப்யூட்டர் நல்லாதான் கீது சம்மந்தி. அதுக்குள்ளாற கீறதுதான் சரியில்ல" என்று மரியாதையாகவே பதில் சொன்னார் இவர். அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.

சம்பந்தி அதை மனசில் வைத்துக்கொண்டார். கல்யாணப் பத்திரிகை விஷயத்தில் காட்டினார். பத்திரிகையின் டிசைனை நான்தான் கொடுப்பேன் என்று மாமல்லபுரத்திலேயே ஆள் வைத்துச் செய்து அனுப்பினார். தங்க நிறத்தில் பிள்ளையார், இரண்டு பக்கமும் யானை, ஓரமெல்லாம் மாங்காய்க் கொடி. அடிப்பதற்குப் பாயிடம் வந்தது. வந்த ஃபைல் அந்த விலை உயர்ந்த சாஃப்ட்வேரில் மட்டும்தான் திறக்கும். பாயிடம் இருந்தது திருட்டுக் காப்பி.

"என் பொண்ணு பேரு திருட்டுச் சாமான்ல அடிக்கக்கூடாது" என்று ரிஜெக்ட் அண்ணாத்த நின்றுவிட்டார்.

வேறு வழியா இல்லை என்று அவரே தன் எழுதும் புரோகிராமில் ஒரு பத்திரிகை செய்தார். பிழை ஒன்றுகூட இல்லை. நேர்கோடு நேராக இருந்தது. சுற்றிலும் கறுப்புக் கட்டம், நடுவில் கறுப்பு எழுத்து. பார்த்ததும் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சம்பந்திக்கு ஒரு பிரதி அனுப்பியதும் மாமல்லபுரத்திலிருந்து உடனே போன் வந்தது.

"இது கல்யாணப் பத்திரிகையா, காரியப் பத்திரிகையா? எங்க சொந்தக்காரங்க கையில இத எப்டிங்க குடுக்கறது? நான் அனுப்பினது அடிச்சி வந்தாதான் மேற்கொண்டு பேச்சு. இல்லாங்காட்டி தேதியத் தள்ளி வச்சிக்கலாம்."

தேதியைத் தள்ளி வைக்கலாம் என்று பிள்ளை வீட்டார் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மண்டபம் பேசியாகிவிட்டது. குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைக்காமல் யாருக்கும் கொடுக்கவும் முடியாது. நாள் ஓடிக்கொண்டிருந்தது. இவர் கம்பெனிக்குப் போனார், வந்தார், பிடிவாதத்தை விடவில்லை.

தேவி என் வீட்டுக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நீங்க ஒரு தபா பேசுங்க டீச்சர். அம்மா சொல்லிப் பாத்துட்டாங்க. கேக்க மாட்டேன்னுகினு கீறாரு. அவரு சொல்றது தப்புன்னு நான் சொல்லல. ஆனா எனக்கு இந்தக் கல்யாணம் நடக்கணும் டீச்சர்."

கடைசி வாக்கியத்தை அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அந்தப் பெண் அதுவரை யாரிடமும் எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, தெருவைத் தாண்டிப் போனேன். வாசலில் தன் ஓட்டை ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். கிளம்ப வேண்டுமென்றால் தெருவே எழுந்திருக்கும் அளவுக்கு உதைக்க வேண்டிய ஸ்கூட்டர் அது. புதிது வாங்கப் பணம் சேர்த்துவைத்திருப்பதாக அவர் மனைவி சொல்லியிருந்தார்.

நான் அன்று திட்டியதை இங்கே முழுக்க எழுத முடியாது. சாராம்சம் இதுதான்: "ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டரையெல்லாம் திருத்துறீங்களே, எங்க எல்லார் வீட்டிலேயும் பின்னாடி உட்கார்ந்து யாருக்கு என்ன தேவைன்னு பார்த்தீங்களே, உங்க வீட்டுல இருக்கிற பொண்ணுக்கு என்ன தேவைன்னு ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தீங்களா? அவ மூணு நாளா சரியா சாப்பிடல. அது தெரியுமா உங்களுக்கு? உங்க கொள்கையை நீங்க வெச்சுக்குங்க. அதுக்கு அவ ஏன் விலை கொடுக்கணும்? ஒரு யானை, ஒரு பிள்ளையார், நாலு மாங்காய், இதுக்குப் போய் ஒரு கல்யாணத்தை நிறுத்துவீங்களா? மனுஷனா நீங்க?"

தெருவில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. அவர் கையிலிருந்த துணியை மடித்துச் சீட்டின் மேல் வைத்தார். "நாளிக்கு சாயங்காலம் பாய் கடையாண்ட வாங்கோ டீச்சரம்மா" என்றார்.

ஒருவழியாக மனிதர் இறங்கி வந்துவிட்டார், திருட்டுச் சாமானிலேயே அடிக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். கடையில் பாய் எழுந்து ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பாயின் நாற்காலியில் ரிஜெக்ட் அண்ணாத்த. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, ஒரு கையில் போன், இன்னொரு கையில் பேங்க் கார்டு. அந்த விலை உயர்ந்த சாஃப்ட்வேரை, பாயின் கம்ப்யூட்டருக்காக, முறையாகக் காசு கட்டி வாங்கிக்கொண்டிருந்தார்.

பிரித்துப் பார்க்க விடாத பொருளை எப்படிப் பாஸ் பண்ணுவது என்று கேட்டுக்கொண்டிருந்த மனிதர் இவர்தானா?

அது லேசில் முடியவில்லை. அந்தக் கம்பெனி அவரிடம் பெயர் கேட்டது, முகவரி கேட்டது, மெயில் கேட்டது, போன் நம்பர் கேட்டது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றுகூடக் கேட்டது. எதையெல்லாம் கேட்டால் ஒரு புரோகிராமை அந்த இடத்திலேயே ரிஜெக்ட் செய்வாரோ அத்தனையையும் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்தார்.

"எவ்ளோ கேக்குது பாரு பாய். பொண்ணு கேட்டு வந்தவங்ககூட இவ்ளோ கேக்கல."

"மச்சான், உட்டுருப்பா" என்றார் பாய். "என் மெஷினுக்கு நீ எதுக்குக் கட்டணும்? வண்டிக்கு வச்சிருந்த டப்புதான இது? நானே பாதி போட்டுக்கறேன்."

"உனுக்குன்னா கட்டமாட்டேன் பாய். இது என் பொண்ணு பேருக்கு."

பணம் போனது. பழைய திருட்டுக் காப்பியை பாய் தன் கையாலேயே அழித்தார். புதியது ஏறும் வரை மூன்று பேரும் டீ குடித்தோம். ஏறியதும் மாமல்லபுரத்து ஃபைலைத் திறந்தார்கள். தங்கப் பிள்ளையார் வந்தார், யானைகள் வந்தன, மாங்காய்க் கொடி ஓரமெல்லாம் ஓடியது. ரிஜெக்ட் அண்ணாத்த அதை மேலும் கீழும் பார்த்தார்.

"அழகாத்தான் கீது" என்றார் எரிச்சலோடு.

பாய் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து பெண் வீட்டுப் பெயர்களை அடிக்க ஆரம்பித்தார். தாத்தா பாட்டி ஆயிற்று, தாய்மாமன் ஆயிற்று, பெரியம்மா சித்தி ஆயிற்று.

"மச்சான், இங்க அத்தைன்னு ஒரு எடம் உட்டிருக்காங்க. உனுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் கெடையாதே. எட்த்துடட்டுமா?"

"எடுக்காத" என்றார் அவர். என் பக்கம் திரும்பவில்லை. "டீச்சரம்மா பேரப் போடு."

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

"அண்ணா, என்ன சொல்றீங்க? சொந்தக்காரங்க எல்லாம் என்ன நினைப்பாங்க?"

"இன்னா வேணா நெனச்சிக்கட்டும். நடுத்தெருவுல நின்னு என்ன மனுசனான்னு கேட்டீங்கோ. எங்கம்மா போனப்பறம் என்ன அப்டி ஒருத்தரும் கேட்டதில்ல. கூடப் பொறந்தவங்கதான் அப்டி திட்டுவாங்கோ." பிறகு பாயிடம், "இன்ஷியல கேட்டுப் போடு. தப்பா போட்டா அதுக்கும் திட்டுவாங்கோ" என்றார்.

பாய் அடித்தார். யானைக்கும் மாங்காய்க் கொடிக்கும் நடுவே, தங்க நிறத்தில், என் பெயர் வந்து உட்கார்ந்தது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அத்தை என்றால் சும்மாவா? நலங்கு வைக்க முதலில் கூப்பிடுவார்கள். சீர்த்தட்டு தூக்க வேண்டும், முறை செய்ய வேண்டும், சம்பந்தி வீட்டார் முன்னால் முன்வரிசையில் நிற்க வேண்டும். கட்டிக்கொள்ள ஒழுங்காக ஒரு பட்டுப்புடவை இல்லை என்னிடம். ஒரு வார்த்தை முன்கூட்டியே சொன்னாரா? கடையை விட்டு வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேராகப் பஜாருக்கு நடந்தேன்.

"எங்க அண்ணன் பொண்ணுக்குக் கல்யாணம்" என்று ஜவுளிக்கடைக்காரர் மேல் எரிந்து விழுந்தேன். "நல்லதா எடுத்துப் போடுங்க."